இன்னும் ஒரு பத்து

சென்னை அண்ணா சாலையில் நிற்கும் எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 177 அடி. அதன் மொட்டை மாடிக்குப் போய் விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலோருக்குக் கால் கூசும், அடிவயிறு கலங்கும், கை தானாகவே எதையாவது பற்றிக்கொள்ளும். அதே ஆள் திண்டிவனம் தாண்டி நான்குவழிச் சாலையில் காரை 120-ல் விட்டுக்கொண்டு, ஒரு கையால் முறுக்கு தின்றபடி, பிடிக்காத பாட்டை மாற்றிக்கொண்டிருப்பார். பின் இருக்கையில் குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும். யாருக்கும் கால் கூசாது.

காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், 177 அடியிலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு 117 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். முறுக்கு தின்றவரும் ஏறக்குறைய அந்த மொட்டை மாடியில்தான் இருந்தார். வித்தியாசம் ஒன்றே. அங்கே உயரத்தைக் கண் பார்த்தது. இங்கே பார்க்க எதுவும் இல்லை.

எல்லா வேகத்துக்கும் இப்படி ஓர் உயரம் உண்டு. மணிக்கு 30 கி.மீ. என்றால் மூன்றரை மீட்டர், அதாவது ஓட்டுக்கூரையிலிருந்து விழுவது போல. கை, கால் முறியலாம். பிழைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். 50 என்றால் பத்து மீட்டர், மூன்றாவது மாடி. 80 என்றால் 25 மீட்டர், நெடுநெடுவென வளர்ந்த பனையின் உச்சி. 100 என்றால் 39 மீட்டர். இந்த வரிசையில் ஒரு விபரீதம் இருக்கிறது. 30-லிருந்து 50-க்குப் போக இருபது கூட்டினால் ஏறும் உயரம் ஆறரை மீட்டர். 80-லிருந்து 100-க்கும் அதே இருபதுதான் கூடுகிறது. உயரமோ 14 மீட்டர் ஏறிவிடுகிறது. ஸ்பீடாமீட்டர் முள் கூட்டல் கணக்கில் நகர்கிறது. ஆபத்து வேறு கணக்கில் ஏறுகிறது.

அந்த வேறு கணக்கைக் கண்டுபிடிக்க ஐரோப்பாவில் ஒரு பெரிய சண்டையே நடந்தது. ஓடும் பொருளுக்குள் இருக்கும் ‘வலு’ வேகத்தைப் பொறுத்ததா, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததா? நியூட்டனின் சீடர்கள் வேகம் என்றார்கள். லைப்னிட்ஸின் கட்சி வர்க்கம் என்றது. 1720-களில் ஹாலந்துக்காரரான வில்லம் கிராவசாண்ட் பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரங்களிலிருந்து மென்மையான களிமண்ணில் போட்டுப் பார்த்தார். இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்த குண்டு நான்கு மடங்கு களிமண்ணை அகழ்ந்தது. மூன்று மடங்கு வேகத்துக்கு ஒன்பது மடங்கு. பிரான்சில் எமிலி து ஷாத்லே என்ற பெண்மணி இந்தச் சோதனையின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொண்டு, 1740-ல் வெளியிட்ட தன் இயற்பியல் நூலில் வர்க்கத்தின் பக்கம் வாதாடினார். பெண்ணுக்கு இயற்பியல் எதற்கு என்று கேட்ட காலம் அது. இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் இயக்க ஆற்றல் சூத்திரத்துக்குப் பின்னால் அந்தக் களிமண் இருக்கிறது: நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும்.

கார் விபத்தில் களிமண்ணின் இடத்தில் இருப்பது மனித உடல்.

விழுவதையும் மோதுவதையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர் ஹியூ டிஹேவன் என்ற அமெரிக்கர். முதல் உலகப் போரின்போது விமானப் பயிற்சியில் இருந்தவர். 1917-ல் அவருடைய விமானம் நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதி விழுந்தது. உள்ளுறுப்புகள் கிழிந்தும் அவர் பிழைத்தார். ‘எனக்கு மட்டும் ஏன் உயிர் மிஞ்சியது?’ என்ற கேள்வி அவரை விடவில்லை. பல ஆண்டுகள் கழித்து, மிக உயரமான இடங்களிலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களின் கதைகளைத் தேடித் திரட்டினார். 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்து உயிர் தப்பிய எட்டுப் பேரைப் பற்றி 1942-ல் அவர் எழுதிய கட்டுரை, விபத்து மருத்துவத்தின் அடித்தளங்களில் ஒன்று. அவர்கள் தப்பியதில் தெய்வாதீனம் என்று சொல்ல அதிகம் இல்லை. விழுந்த இடம் கொஞ்சம் குழிந்து கொடுத்திருந்தது. கிளறிப் போட்ட மண்ணோ, வளைந்துகொடுக்கும் தகரமோ சில அங்குலம் அவர்களை வாங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சில அங்குலத்தில்தான் உயிர் இருந்தது.

காரின் முன்பக்கம் அப்பளம் போல நொறுங்குகிறதே, இந்தக் காலத்து வண்டியில் தகடு சரியில்லை என்று குறைப்படுபவர்கள் உண்டு. நொறுங்குவதற்காகவே அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஒரு கார் சுவரில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் 60 சென்டிமீட்டர் மடங்குகிறது. சீட் பெல்ட் போட்டவர் காரோடு சேர்ந்து அந்த 60 சென்டிமீட்டரில் நிற்கிறார். அவர் மேல் விழும் விசை, சராசரியாக, உடல் எடையைப் போலப் பதினாறு மடங்கு. 60 கிலோ ஆள் என்றால் ஏறக்குறைய ஒரு டன். மார்பில் பெல்ட் பதிந்த தழும்போடு வீடு திரும்பலாம். பெல்ட் போடாதவருக்குக் கார் நின்றுவிட்டது தெரியாது. அவர் உடல் இன்னும் 50-லேயே போய்க்கொண்டிருக்கிறது. அதை நிறுத்துவது எதிரே இருக்கும் டேஷ்போர்டு. அங்கே கிடைக்கும் இடம் ஐந்து சென்டிமீட்டர். விசை இருநூறு மடங்கு, பன்னிரண்டு டன்.

1954 டிசம்பர் 10 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ஜான் பால் ஸ்டாப் என்ற ராணுவ மருத்துவர் ராக்கெட் பூட்டிய சறுக்கு வண்டியில் தன்னைக் கட்டிக்கொண்டு மணிக்கு 1,017 கி.மீ. வேகத்தைத் தொட்டார். பிறகு 1.4 நொடியில் நின்றார். கண்ணில் ரத்தம் கட்டிச் சிறிது நேரம் பார்வையே போயிற்று. ஆனாலும் அவர் 89 வயதுவரை வாழ்ந்தார். வாழ்நாள் முழுவதும் கார்களில் சீட் பெல்ட் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆயிரத்துச் சொச்சம் வேகத்திலும் பிழைக்க முடிந்தது, பெல்ட்கள் அவரை வண்டியோடு ஒன்றாக இறுக்கியிருந்ததால்.

டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியின் மரணம் இந்தியாவில் பலரை ஒருகணம் பின் இருக்கையைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 2022 செப்டம்பர் 4 அன்று, மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், சூர்யா நதிப் பாலத்தின் தடுப்புச் சுவரில் அவர் வந்த மெர்சிடஸ் மோதியது. காரில் பதிவான தரவுகளின்படி, மோதலுக்கு ஐந்து நொடி முன்பு வேகம் 100. பிரேக் மிதிக்கப்பட்ட பின், மோதிய தருணத்தில் 89. விலையுயர்ந்த கார், ஏர் பேக்குகள் எல்லாம் இருந்தன. பின் இருக்கையில் இருந்த மிஸ்திரியும் அவர் நண்பரும் பெல்ட் போடவில்லை, இருவரும் இறந்தார்கள். முன் இருக்கையில் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். 89-க்கு உரிய உயரம் நூறு அடி.

ஊருக்குள் நூறு யார் போகிறார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஊருக்குள் பிரச்சினையே வேறு. அங்கே பேச்செல்லாம் ஐம்பதா அறுபதா என்பதுதான். ‘இன்னும் ஒரு பத்து, அதில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?’

அதையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு தெரு. உலர்ந்த தார்ச்சாலை, தேயாத டயர், தூங்காத டிரைவர். இரண்டு கார்கள் அருகருகே வருகின்றன. ஒன்று 50-ல், மற்றது 60-ல். 35 மீட்டர் முன்னால், மூன்று மாநகரப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் ஆகும் தூரத்தில், நிறுத்திவைத்த வேனுக்குப் பின்னாலிருந்து பந்து உருண்டு வருகிறது. பந்துக்குப் பின்னால் ஒரு பையன். இரண்டு டிரைவர்களும் ஒரே நொடியில் பார்க்கிறார்கள்.

கண் பார்த்து, மூளை விளங்கிக்கொண்டு, கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாற ஒன்றரை நொடி ஆகும். அந்த ஒன்றரை நொடியும் கார் பழைய வேகத்திலேயே ஓடுகிறது. 50-ல் வந்த கார் அதற்குள் 21 மீட்டர் போய்விடுகிறது. பிறகு பிரேக் பிடித்து 14 மீட்டரில் நிற்கிறது. பையனின் சட்டையை உரசாத குறையாக. அவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவான். டிரைவர் ஜன்னலை இறக்கி ஏதோ திட்டுவார்.

60-ல் வந்த காரை என்ன செய்வது? எதிர்வினை நேரத்திலேயே 25 மீட்டர் போய்விட்டது. மீதமிருப்பது பத்து மீட்டர். முதல் கார் நின்றுவிட்ட கோட்டில் இந்தக் கார் எந்த வேகத்தில் இருக்கும்? பத்தோ பதினைந்தோ என்றுதான் பலரும் சொல்வார்கள். விடை 42. மணிக்கு 42 கிலோமீட்டர். கூடுதலாக வந்ததோ பத்துதான். மோதும் வேகம் நாற்பத்திரண்டு. மூன்றாவது கார் ஒன்று 70-ல் வந்திருந்தால் அது பையன் மேல் 62-ல் மோதும். 80-ல் வந்த டிரைவருக்குப் பிரேக்கை மிதித்த ஞாபகம் மட்டும் மிஞ்சும். மோதும்போது வேகம் 78.

பிரேக் பிடிக்கும்போது வேகம் மீட்டருக்கு மீட்டர் ஒரே அளவில் குறைகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆற்றல் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரே அளவில்தான் வற்றும். கடைசி மீட்டர்களில் தடாலென்று குறைவது வேகம். அதனால்தான் நிற்கப் பத்து மீட்டர் போதாமல் போனால், மிச்சமிருக்கும் வேகம் அவ்வளவு பெரிதாக இருக்கிறது. உள்ளுணர்வு இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தோற்கும்.

42-ல் மோதினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் கார் மோதிய பாதசாரிகளின் தரவுகளை அலசி 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, மோதும் வேகம் 37 கி.மீ. ஆனால் பத்தில் ஒருவர் இறக்கிறார் என்றது. 51-ல் நான்கில் ஒருவர். 68-ல் இரண்டில் ஒருவர். 80-ல் நான்கில் மூன்று பேர். 93-ல் பத்தில் ஒன்பது பேர். இவை சராசரி, முதியவர்களுக்கு இன்னும் குறைந்த வேகமே போதும்.

இதையே ஒரு சாலை முழுவதற்கும் விரித்துப் பார்த்தவர் ஸ்வீடனின் யோரன் நில்சன். சாலையில் வாகனங்களின் சராசரி வேகம் மாறினால் மரணங்கள் அந்த மாற்றத்தின் நான்காம் அடுக்கில் மாறும் என்பது அவர் கண்ட விதி. வர்க்கத்துக்கும் மேலே ஒரு வர்க்கம். சராசரி வேகம் ஐந்து சதவீதம் ஏறினால் மரண விபத்துகள் இருபது சதவீதம் ஏறும். விபத்து நடக்கும் வாய்ப்பும் கூடுகிறது, நடந்தால் சாகும் வாய்ப்பும் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கும் இதை ஒட்டியதுதான்: ஒரு சதவீத வேகத்துக்கு நான்கு சதவீத மரண அபாயம்.

இவ்வளவு இருந்தும் உடம்பு ஏன் எச்சரிப்பதில்லை? உயரத்துக்குக் கூசும் கால் வேகத்துக்கு ஏன் கூசுவதில்லை?

மனித இனம் உருவான லட்சக்கணக்கான ஆண்டுகளில் அது அறிந்த உச்ச வேகம் ஓட்டம்தான். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு வேகத்தை உணராது; வேகம் மாறுவதை மட்டுமே உணரும். சீராக நூறில் போகிறவருக்கும் வீட்டுச் சோபாவில் இருப்பவருக்கும் உள்காதைப் பொறுத்தவரை வேறுபாடில்லை. ஆகவே மூளை கண்ணை நம்புகிறது. பக்கவாட்டில் மரங்களும் கம்பங்களும் பின்னோக்கி ஓடும் விரைவை வைத்து வேகத்தை ஊகிக்கிறது. குறுகலான தெருவில் சுவர் பக்கத்திலேயே ஓடுவதால் 40 கூட வேகமாகத் தெரியும். ஆறுவழிச் சாலையில் எல்லாமே தள்ளி இருப்பதால் 100 ஊர்வது போல இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டால் காதும் சாட்சி சொல்லாது. பழைய அம்பாசிடர் 80-ஐத் தொட்டால் கதவு, கண்ணாடி, பல் எல்லாம் ஆடும். அது ஒருவிதப் பாதுகாப்புச் சாதனம்.

கண்ணும் பழகிப்போகும். இரண்டு மணி நேரம் நூறில் வந்துவிட்டு ஊர் எல்லையில் 60-க்கு இறங்கினால், வண்டி நகரவே இல்லையோ என்று தோன்றும். நெடுஞ்சாலையிலிருந்து நேரே ஊருக்குள் நுழையும் வண்டிகள் முதல் கடைத்தெருவில் ஆளை அடிப்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். பிரிட்டனில் 1970-களில் இதற்கு ஒரு வைத்தியம் கண்டார்கள். ரவுண்டானாவை நெருங்கும் சாலையில் குறுக்கே மஞ்சள் கோடுகள் போட்டு, போகப் போக இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கோடுகள் வேகவேகமாகக் கடப்பதைப் பார்த்த டிரைவர்கள் வேகம் கூடுவதாக ஏமாந்து காலை எடுத்தார்கள்.

சாலையைக் கடப்பவரின் கண்ணுக்கு வேறு தொல்லை. நேரே வரும் வாகனம் இடமோ வலமோ நகர்வதில்லை. பெரிதாகிக்கொண்டே வருகிறது, அவ்வளவுதான். எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதை வைத்தே அது வந்து சேரும் நேரத்தை மூளை கணிக்க வேண்டும். பெரும்பாலோர் இந்தக் கணக்கைக் கைவிட்டு, ‘அதோ அந்தக் கம்பத்துக்கிட்டதானே வருது’ என்று தூரத்தை மட்டும் பார்த்துக் கடக்கிறார்கள். வண்டி எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்தால் கணக்கு பொய்த்துவிடும். லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தபோது, மணிக்கு சுமார் 32 கி.மீ-க்கு மேல் நெருங்கி வரும் வாகனம் நெருங்குகிறது என்பதையே அவர்களின் கண் நம்பகமாகக் கண்டுபிடிக்கவில்லை. குழந்தை கவனக்குறைவாக ஓடியது என்று சொல்வது எளிது. அந்த வயதில் அதற்கு அந்தக் கண் இன்னும் வளரவில்லை.

நகரத்தில் ஒரு சௌகரியம் உண்டு: நெரிசல். வேகமாகப் போக நினைத்தாலும் முடியாது. சாவு அதிகம் நடப்பது வெளியே. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறக்குறைய 68 சதவீதத்தினர் ஊரகப் பகுதிகளில் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடம், 64,105. இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம், 17,884.

மொத்த மரணங்களில் எழுபது சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. இந்த எண்ணை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற தொடர் இல்லாமல் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் விபத்து முதல் தகவல் அறிக்கை ஒன்று எழுதப்படுவது அபூர்வம். ரேடார் கருவியோ தரவுப் பெட்டியோ பார்த்து எழுதிய வேகமல்ல அது. வளைவின் சாய்மானம் தப்பாக இருந்திருக்கலாம், விளக்கு எரியாமல் இருந்திருக்கலாம். அவற்றுக்கெல்லாம் சேர்த்து டிரைவரின் கால் பழியைச் சுமக்கிறது. ஆனாலும் இயற்பியல் பக்கம் நின்று பார்த்தால் பெரிய முரண் இல்லை. சாலை எவ்வளவு மோசமோ, அந்த அளவுக்குக் குறைந்த வேகமே அங்கே அதிவேகம்.

நடுத்திட்டு இல்லாத இருவழிச் சாலையை எடுத்துக்கொள்ளலாம். முன்னால் லாரி 60-ல் போகிறது. பின்னால் வந்த கார் 80-க்கு ஏறி முந்த நினைக்கிறது. லாரியின் பின்னாலிருந்து விலகி, அதைக் கடந்து, முன்னால் வந்து சேரக் கார் லாரியைவிட ஐம்பது மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். இருவருக்கும் வேக வித்தியாசம் நொடிக்கு ஐந்தரை மீட்டர். ஆக ஒன்பது நொடி, எதிர்த்திசைக்காரர்களின் பாதையில். அந்த ஒன்பது நொடியில் கார் 200 மீட்டர் போயிருக்கும். எதிரே ஒரு வேன் 80-ல் வந்தால் அதுவும் 200 மீட்டர் வந்திருக்கும். முந்தத் தொடங்கும்போது எதிரே 400 மீட்டர் காலியாக இருந்திருக்க வேண்டும். 400 மீட்டருக்கு அப்பால் புள்ளியாகத் தெரியும் வாகனம் 60-ல் வருகிறதா 100-ல் வருகிறதா என்று சொல்லும் கண் எந்த மனிதருக்கும் இல்லை.

இரவில் 400 மீட்டர் என்ற பேச்சே கிடையாது. ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போட்டால் வெளிச்சம் பயன்படும்படி விழுவது நாற்பது, ஐம்பது மீட்டர். முன்பு பார்த்த அதே கணக்கில் 60-ல் வரும் காருக்கு நிற்க 45 மீட்டர் வேண்டும். 80-ல் வருவதற்கு 69. எண்பதில் போகிறவர் தன் வெளிச்சத்தைத் தாண்டி இருபது மீட்டர் இருட்டையும் நம்பி ஓட்டுகிறார். அந்த இருட்டில் பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டர் இருக்கலாம். பஞ்சராகி நிற்கும் லாரி இருக்கலாம். அதற்கு எச்சரிக்கையாகப் பின்னால் வைத்த நான்கு கற்களும், முறித்துப் போட்ட ஒரு வேப்பங்கிளையும் இருக்கலாம். அந்தக் கிளையை வைத்த கிளீனர் மனத்தில் நினைத்தது நாற்பதில் வரும் வண்டியை.

அறுவடைக் காலத்தில் சாலையே களமாகிவிடும். உளுந்துச் செடியையும் கொள்ளையும் தார்மேல் பரப்பிவைத்து, போகிற வண்டிகளைக் கொண்டே அடித்தெடுப்பது பல மாவட்டங்களில் வழக்கம். டயருக்கும் தாருக்கும் நடுவே சருகு புகுந்தால் உராய்வு போய்விடும். டூ-வீலரில் வருகிறவருக்குப் பிரேக் இருந்தும் இல்லாத கதைதான். மழையும் இதே வேலையைச் செய்கிறது. தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டுத் தாரைத் தொட டயருக்குச் சிறிது நேரம் வேண்டும். வேகம் கூடினால் அந்த நேரம் கிடைக்காது. டயர் நீர்மேல் ஏறி மிதக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும், வண்டி திரும்பாது. விமானங்கள் ஈரமான ஓடுதளத்தில் வழுக்குவதை ஆராய்ந்த நாசா பொறியாளர்கள் 1960-களில் இதற்கு ஒரு சூத்திரம் கண்டார்கள். அதன்படி, காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ. உள்ள டயர், தேங்கிய நீரில் மணிக்கு 91 கி.மீ. வாக்கில் மிதக்கத் தொடங்கும். வழவழவென்று தேய்ந்த டயருக்கு அவ்வளவு வேகம்கூடத் தேவைப்படாது.

இவ்வளவையும் பணயம் வைத்துச் சம்பாதிப்பது என்ன? நேரம். அதையும் எண்ணிப் பார்த்துவிடலாம். பத்து கிலோமீட்டரை 30-ல் கடக்க 20 நிமிடம், 40-ல் கடக்க 15. பத்தைக் கூட்டியதில் ஐந்து நிமிடம் லாபம். அதே பத்து கிலோமீட்டரை 80-க்குப் பதில் 90-ல் கடந்தால் மிச்சமாவது 50 நொடி. வேகம் ஏற ஏறச் செலவு வர்க்கத்தில் ஏறுகிறது, வரவு தேய்கிறது. ஸ்வீடன் உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் இந்தக் கணக்கை மக்களிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். பெரும்பாலோர் தலைகீழாகவே ஊகித்தார்கள்: உயர் வேகத்தில் பத்தைக் கூட்டினால் நிறைய நேரம் மிச்சம் என்றும், குறைந்த வேகத்தில் கூட்டினால் ஒன்றும் பெரிதில்லை என்றும். ஊருக்குள் சந்திலும் பள்ளத்திலும் போன நேரத்தைப் பைபாஸில் பிடித்துவிடலாம் என்று மிதிப்பவர் மீட்க முடியாத கடனை மீட்கப் பார்க்கிறார்.

மூளைக்குப் புரியவைக்க முடியாததை முதுகெலும்புக்குப் புரியவைக்கலாம் என்று நினைத்தவர்களில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஒருவர் உண்டு. எக்ஸ் கதிர்ச் சிதறலுக்காக 1927-ல் பரிசு வாங்கிய ஆர்தர் காம்ப்டன், செயின்ட் லூயி நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக இருந்தபோது, வளாகத்தில் கார்கள் பறப்பதைக் கண்டு 1953-ல் சாலைக்குக் குறுக்கே ஒரு மேடு வடிவமைத்தார். மெல்லப் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது; விரைகிறவருக்குத் தூக்கிப் போடும். இந்தியச் சாலைப் பேராயத்தின் விதி அந்த மேட்டுக்கு 3.7 மீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் உயரமும் குறித்திருக்கிறது. நம் கிராமங்களில் யாராவது அடிபட்டுச் செத்த மறுநாள் ஊரார் சிமென்ட் குழைத்துப் போடும் மேடுகள் எந்த விதியிலும் அடங்காதவை. ஓர் அடி அகலத்தில் சுவர் போல நிற்கும். வெள்ளைப் பூச்சும் இருக்காது. இரவில் அதன்மேல் ஏறிய டூ-வீலர் பின்னால் இருந்தவரைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகும். ஆனால் அந்த மேட்டைப் போட்டவர்களின் கோபத்தில் ஓர் இயற்பியல் நியாயம் இருக்கிறது.

ஸ்வீடன் வேறு திசையிலிருந்து யோசித்தது. 1997 அக்டோபரில் அந்நாட்டு நாடாளுமன்றம் சாலையில் ஒரு மரணத்தைக்கூட ஏற்பதில்லை என்ற கொள்கையை நிறைவேற்றியது. அதன் சாரம் எளிது. மனிதர் தவறு செய்வார். அந்தத் தவறில் சாகாத அளவே வேகம் இருக்க வேண்டும். ஆட்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடத்தில் 30. பக்கவாட்டில் மோதிக்கொள்ள வாய்ப்புள்ள சந்திப்பில் 50. நேருக்கு நேர் மோத வாய்ப்புள்ள, நடுத்தடுப்பு இல்லாத சாலையில் 70. அதற்கு மேல் வேண்டுமென்றால் முதலில் நடுவில் தடுப்பைக் கட்டு. பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களில் 30-ஐக் கொண்டுவந்த ஃபின்லாந்தின் ஹெல்சின்கி நகரத்தில், 2025 ஜூலை வரையிலான ஓராண்டில் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை.

இந்தியாவில் 2018 ஏப்ரலில் மத்திய அரசு விரைவுச் சாலைகளில் கார்களின் உச்ச வேகத்தை 120-ஆகவும், நான்குவழிச் சாலைகளில் 100-ஆகவும், நகராட்சி எல்லைக்குள் 70-ஆகவும் உயர்த்தியது. காஞ்சிபுரம் பக்கம் 2013-ல் விபத்தில் சிக்கித் தொண்ணூறு சதவீத உடல் முடக்கத்துக்கு ஆளான ஒரு பல் மருத்துவரின் இழப்பீட்டு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2021-ல் நீதிபதிகள் கிருபாகரனும் தமிழ்ச்செல்வியும் இழப்பீட்டை 18 லட்சத்துச் சொச்சத்திலிருந்து ஒன்றரைக் கோடியாக உயர்த்தியதோடு நிற்காமல், அந்த வேக அறிவிப்பையே ரத்து செய்தார்கள். சென்னை மாநகரக் காவல்துறை 2023 நவம்பரில் அறிவித்த அளவுகள் கார்களுக்கு 60, இரு சக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40. குடியிருப்புப் பகுதிக்குள் எல்லா வாகனங்களுக்கும் 30. இந்தக் கடைசி எண் களிமண் சொன்ன கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது. பந்தின் பின்னால் ஓடி வந்த பையனை 30-ல் வரும் கார் சந்தித்தால், அது 18 மீட்டருக்குள் நின்றுவிடும்.

அறிவிப்பு இருந்தால் போதுமா, அளக்க வேண்டாமா? அளக்கும் கருவிக்கும் ஒரு கதை உண்டு. மாரிஸ் காட்சோனிடஸ் என்ற டச்சுக்காரர் பெரிய கார்ப் பந்தய வீரர். 1953-ல் மான்டி கார்லோ ரேலியை வென்றவர். வளைவுகளில் தன் கார் இன்னும் கொஞ்சம் வேகமாகத் திரும்ப முடியுமா என்று பார்க்க ஆசைப்பட்டார். ஒரு வளைவை இரண்டு விதமாகத் திரும்பிப் பார்த்தால் எது வேகமானது என்று அவர் உடம்புக்கே தெரியவில்லை. அதனால் சாலையில் குறுக்கே ரப்பர் குழாய் போட்டு, சக்கரம் ஏறும் நேரத்தை அளக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டார். பிறகு அதில் கேமராவைச் சேர்த்தார். பிரிட்டிஷ்காரர்கள் இன்றைக்கும் ‘காட்சோ’ என்று பெயர் சொல்லித் திட்டும் வேகக் கேமரா அப்படிப் பிறந்ததுதான். அவரே அதில் பலமுறை மாட்டி அபராதம் கட்டியிருக்கிறார்.